திரையைப் பார்த்து பியர் காய்ச்சக் கற்க முடியுமா?

கைத்தொழில் ஒன்றை ஆசான் இல்லாமல் கற்க முடியுமா என்ற கேள்விக்கு வயது அதிகம். பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலிலேயே அது வருகிறது. ஏதோ ஒரு நூலைப் படித்துவிட்டு, இரண்டொரு மருந்தையும் தெரிந்துகொண்டு, தன்னை மருத்துவன் என்று சொல்லிக்கொள்பவனைப் பைத்தியக்காரன் என்றுதான் கருத வேண்டும் என்று அங்கே வாதம் நடக்கிறது. நூலைப் பற்றி எழுந்த அந்த ஐயம், அச்சுப் படங்கள் வந்தபோது படங்களை நோக்கித் திரும்பியது. இன்று காணொளியை நோக்கி நிற்கிறது. யூடியூபில் வீட்டு பியர் செய்முறையைத் தேடினால் வந்து குவியும் காணொளிகளைப் பார்த்து ஒருவர் உண்மையில் என்ன கற்கிறார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

களம் ஏன் பியர்?

பல தொழில்களில் ஆசான்–சீடன் மரபு அறுபடாமல் வந்திருக்கிறது. அங்கே நூலும் படமும் தம்மளவில் எவ்வளவு கற்பித்தன என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வீட்டு பியரில் அந்த மரபு ஏறக்குறைய முழுதாக அறுந்துபோயிருந்தது. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. 1300-க்கும் 1600-க்கும் இடையில் அது எப்படி அவர்கள் கையைவிட்டுப் போனது என்பதை ஜூடித் பென்னட் 1996-இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது. 1880-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த வரிச் சட்டம் வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெற வேண்டும் என்றது. 1963-இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிவுக்கு வந்தபோது வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பியர் விடுபட்டுப்போனது. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டு, 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. தனி நபருக்கு ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் வாழும் வீட்டுக்கு 200 காலன் என்பது அதன் வரம்பு. மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்கள் 2013 வரை பிடிவாதமாக நின்றன.

ஆகவே சட்டம் வழிவிட்டபோது, சொல்லித்தர வீட்டில் பாட்டி இல்லை. வணிக ஆலைகளில் வேலை பார்த்தவர்களோ ஆயிரக்கணக்கான லிட்டர் கணக்கில் பழகியவர்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் நூல், இதழ், மன்றம் என்று கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார்கள். பின்னர் இணையம் வந்தது. ஊடகத்தின் கற்பிக்கும் வலிமையைச் சோதிக்க இதைவிடத் தெளிவான களம் அமைவது அரிது.

இங்கே பேசப்படுவது நொதிக்க வைக்கும் பானம் மட்டும். வடித்தெடுக்கும் சாராயத்தின் ஆபத்துகள் வேறு வகையானவை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் உரிமமின்றி மது உற்பத்தி செய்வது குற்றம். வீட்டு பியருக்கும் விலக்கு இல்லை. இது செய்முறைக் குறிப்பு அல்ல என்பதை வாசகர் மனத்தில் கொள்ளட்டும்.

அருகில் நின்று கற்பதே கல்வி என்போர்

முதல் தரப்பின் இன்றைய வடிவம் மைக்கேல் போலானியிடமிருந்து வருகிறது. திறமையான கைவினைஞன் தான் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறான் என்பது, 1958-இலும் 1966-இலும் வெளியான அவருடைய நூல்களின் மையக் கருத்து. அதற்கு முன்பே, 1949-இல், கில்பர்ட் ரைல் ஒன்றைப் பற்றி அறிவதையும் ஒன்றைச் செய்ய அறிவதையும் பிரித்துக் காட்டியிருந்தார். இவர்களின் வாதத்துக்குக் கள ஆதாரம் தந்தவர் ஹாரி காலின்ஸ். ஒருவகை லேசர் கருவியை பிரிட்டிஷ் ஆய்வகங்கள் எப்படிக் கட்டின என்று அவர் 1974-இல் ஆராய்ந்தார். வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்தாலும் அதை இயக்க முடியவில்லை. ஏற்கெனவே வெற்றி கண்டவர்களோடு நேரில் பழகியவர்களுக்கே கைகூடியது. 1991-இல் ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் இதை இன்னும் அகலப்படுத்தினார்கள். தொழில் கற்பது என்பது ஒரு சமூகத்தின் ஓரத்தில் நுழைந்து, சிறு வேலைகள் செய்து, மெல்ல நடுவுக்கு நகர்வது என்றார்கள். லைபீரியத் தையற்காரர்களும் யுகட்டான் மருத்துவச்சிகளும் அவர்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

பியர் உலகில் இத்தரப்புக்கு வலுவான சான்று மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் கிடைக்கிறது. அங்கே தொழிற்சாலை ஈஸ்ட் எட்டாத சில வட்டாரங்களில் 'குவெய்க்' என்ற குடும்ப ஈஸ்ட் தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டது. மரத்தில் செதுக்கிய வளையத்திலோ துணியிலோ தோய்த்து உலர்த்தி வைப்பார்கள். கெட்டுப்போனால், நம் வீடுகளில் உறைமோர் வாங்கிவருவதுபோல, பக்கத்துப் பண்ணைக்குப் போய் வாங்கிவருவார்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு எந்தச் சூட்டுக்கு ஆறியதும் ஈஸ்டைப் போடுவது என்பதைக் கறந்த பாலின் சூட்டை வைத்துச் சொன்னார்கள். இந்த வழக்கங்களை ஓட் நோர்ட்லன் 1969-இல் நூலாகத் தொகுத்தார். அண்மைக் காலத்தில் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் பண்ணை பண்ணையாகச் சென்று பதிவுசெய்து, 2020-இல் நூலாக்கினார்.

ஆனால் இதே சான்று அத்தரப்புக்கு எதிராகவும் பேசுகிறது. குவெய்க் ஆய்வகங்களுக்குச் சென்று, 2018-இல் அதன் மரபணுவும் ஆராயப்பட்டு, பாக்கெட்டில் விற்பனைக்கு வந்ததும், நார்வே மண்ணை மிதிக்காதவர்கள் 35 டிகிரிக்கு மேல் அதை நொதிக்க வைத்து நல்ல பியர் எடுத்தார்கள். சாதாரண ஏல் ஈஸ்டை அந்தச் சூட்டில் விட்டால் காரமான, கரைப்பான் நெடி கொண்ட பானம்தான் மிஞ்சும். ஆசானின் கைப்பக்குவம் என்று நினைத்ததில் ஒரு பகுதி ஈஸ்டின் உடலுக்குள் இருந்திருக்கிறது. முழுவதும் அப்படி என்று சொல்வதும் தவறு. பண்ணைகளின் சுவையில் ஜூனிப்பர் கிளை ஊறிய நீருக்கும், பல இடங்களில் கொதிக்கவே வைக்காத சாற்றுக்கும் பங்கு உண்டு. பாக்கெட்டோடு அவை போகவில்லை.

இத்தரப்பின் இன்னொரு பலவீனத்தை அதன் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆசான் தன் திறமையோடு தன் தவறுகளையும் சேர்த்தே தருகிறார். 1760-களின் இறுதியில் ஹாம்ப்ஷயரின் ஆல்டன் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர், குடும்ப ஆலையில் தெர்மாமீட்டரைத் தந்தைக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. தந்தைக்கு விரல் போதும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு லண்டனின் பெரிய ஆலை முதலாளி சாமுவேல் விட்பிரெட்டிடம் போனபோதும், ஊர் போய் வேலையைப் பாருங்கள் என்ற தொனியில்தான் பதில் கிடைத்தது.

எண்ணால் எழுத முடியும் என்போர்

பேவர்ஸ்டாக்கின் பக்கம் நின்றவர்கள் இரண்டாம் தரப்பு. மைக்கேல் கொம்ப்ரூன் 1762-இல் எழுதிய நூல், காய்ச்சும் ஒவ்வொரு கட்டத்தையும் வெப்ப அளவுகளாக எழுத முயன்றது. ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியை முறைப்படுத்தினார். வெளிர் மால்ட் விலை கூடினாலும், கருமையாக வறுத்த மால்ட்டைவிட அதிகச் சர்க்கரை தருவதால் அதுவே லாபம் என்பது அந்த அளவீட்டால் தெரியவந்தது. அதுவரை பழுப்பு மால்ட்டை நம்பியிருந்த போர்ட்டர் பியரின் செய்முறையே அதனால் மாறிப்போனது. தலைமுறை தலைமுறையாக ஆசான்கள் ருசித்தும் முகர்ந்தும் கண்டுபிடிக்காத ஒன்றை ஒரு மிதவைக் குழாய் காட்டிக்கொடுத்தது.

அடுத்த நூற்றாண்டில் பாஸ்டர் 1871-இல் லண்டன் விட்பிரெட் ஆலைக்கு வந்து, ஈஸ்டில் கலந்திருந்த கெடுதல் கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அவருடைய பியர் ஆய்வு 1876-இல் நூலாகியது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். வீட்டு பியர் நூல்கள் இந்தப் பரம்பரையில் வந்தவை. 1984-இல் வெளியான சார்லி பபாஸியனின் கையேடு பயத்தைப் போக்கிப் பலரை உள்ளே இழுத்தது. 2000-இல் ஜான் பாமர் தம் நூல் முழுவதையும் இணையத்தில் இலவசமாக வைத்தார். என் மதிப்பீட்டில் காணொளிகளைவிடப் பெரிய திருப்பம் அதுதான். இன்றைய காணொளிகள் பலவற்றின் எலும்புக்கூடு பாமரின் அத்தியாயங்களில் இருக்கிறது.

இத்தரப்பின் வலிமை வெளிப்படையானது. மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். சூடு குறைந்தால் உலர்ந்த பியர், கூடினால் கனத்த பியர். தொடக்க அடர்த்தி 1.050, முடிவில் 1.010 என்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 5.25 விழுக்காடு. இதை யாரிடமும் நேரில் போய்க் கற்க வேண்டியதில்லை. லேசர் ஆய்வகங்களுக்கு நேர்ந்தது இங்கே நேராததற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம்: கடினமான பகுதியை ஈஸ்டும் நொதிகளும் பார்த்துக்கொள்கின்றன, மனிதர் சூழலை மட்டும் அமைத்துத் தருகிறார்.

எண்கள் நின்றுவிடும் இடமும் உண்டு. ஹைட்ரோமீட்டர் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது. சுடு சாற்றில் போட்டால் குறைத்துக் காட்டும். குமிழ் ஒட்டினால் கூட்டிக் காட்டும். கருவியைப் படிப்பதே ஒரு கைத்திறன். அதைவிட முக்கியமானது, 1.010 என்ற எண் பியர் முடிந்துவிட்டது என்று சொல்லும். நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

பார்த்துச் செய்யலாம் என்போர்

மூன்றாம் தரப்பு காட்சியை நம்புகிறது. அதன் முன்னோடி திதெரோ. 1751-இல் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துக்காகப் பட்டறைகளுக்குச் சென்று விசாரித்து, பதினொரு படத் தொகுதிகளில் தொழில்களை வரைந்து காட்டியது அவருடைய குழு. பியர் ஆலையும் அதில் உண்டு. கைவினைஞர்களில் மிகச் சிலரால்தான் தம் வேலையைத் தெளிவாக விளக்க முடிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். படம் அந்த வாய்க்குறையைத் தீர்க்கும் என்பது அவர் நம்பிக்கை. அசையும் படம் இன்னும் நன்றாகத் தீர்க்கும் என்பது இயல்பான அடுத்த படி.

கற்றல் உளவியல் இதை எளிதில் ஏற்கவில்லை. பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல், அசையும் படம் நின்ற படத்தைவிட மேல் என்று காட்டிய பல சோதனைகளில் ஒப்பீடே நேர்மையாக இல்லை என்று வாதிட்டார்கள். அசைவு கண்முன் ஓடி மறைந்துவிடுகிறது, மனம் பிடித்துவைக்கத் திணறுகிறது. 2007-இல் ஹோஃப்லரும் லாய்ட்னரும் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சற்று வேறான முடிவு வந்தது. அசையும் படத்துக்குப் பொதுவாகச் சிறு முதல் நடுத்தர அனுகூலம் உண்டு. உடல் அசைவைக் கற்பிக்கும்போது அது கூடுகிறது. இரண்டு முடிவுகளும் மோதுவதாகத் தோன்றினாலும் பியருக்குப் பொருத்திப் பார்த்தால் பிணக்கு பெரிதும் குறைகிறது. வெந்நீரில் மால்ட்டைக் கட்டி விழாமல் கிளறுவது, குழாயில் சாற்றை இழுத்து இறக்குவது, புட்டிக்கு மூடி அடிப்பது, பொங்கி வரும் கணத்தில் அடுப்பைத் தணிப்பது ஆகியவற்றுக்குக் காணொளி நூலைவிடத் தெளிவாக உயர்ந்தது. நொதிகள் ஏன் 75 டிகிரிக்கு மேல் செயலிழக்கின்றன என்பதற்கு அசைவு எதையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு ஆய்வு கவலை தருவது. கார்டாஸ், ஓபிரையன் என்ற இருவர் 2018-இல், மேசை விரிப்பை உருவும் வித்தை, மூன்வாக் நடனம், சிற்றம்பு எறிதல் (டார்ட்ஸ்) போன்றவற்றின் காணொளிகளைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கூடியது, திறமை கூடவில்லை. பொருள்களை மாறி மாறி வீசிப் பிடிக்கும் ஜக்ளிங் வித்தைக்கான பொருளைச் சிறிது நேரம் கையில் பிடித்துப் பார்த்ததும் அந்த மிகைநம்பிக்கை தணிந்தது. இவை நொடிகளில் முடியும் செயல்கள். வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலுக்கு அப்படியே பொருந்துமா என்பது உறுதியில்லை. பொருந்தும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. காணொளியில் இரண்டு வார நொதிப்பு ஒரு வெட்டில் கடந்துவிடுகிறது. கழுவுவதும் கிருமிநீக்குவதும் ஒரு வாக்கியம் ஆகிறது. காய்ச்சுபவரின் பொழுதில் பெரும்பங்கு பாத்திரம் கழுவுவதில் போகிறது என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வது. அதைப் படம்பிடித்தால் யார் பார்ப்பார்கள்? புட்டி வெடிக்கும் விபத்துகளும் இந்த வெட்டில்தான் பிறக்கின்றன. நொதிப்பு நின்றதா என்று சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்து பார்க்காமல், குமிழி அடங்கியதை நம்பிச் சர்க்கரை சேர்த்து மூடிவிடுவது தொடக்கக்காரரின் பொதுவான பிழை.

இந்தக் காணொளிச் சேனல்கள் சிலவற்றை நடத்துவோர் கருவி விற்பவர்களே என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். எஃகுப் பாத்திரம் இன்றியமையாதது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. மறுபுறம், இணையம் மலிவான வழியையும் தந்திருக்கிறது. மால்ட்டை ஒரே துணிப்பையில் கட்டி ஒரே பாத்திரத்தில் ஊறவைத்துத் தூக்கும் முறை ஆஸ்திரேலியாவில் 2000-களில் வீட்டுக் காய்ச்சுநர்களிடையே உருவாகி, இணையம் வழியாகவே உலகெங்கும் பரவியது. எந்த ஆலை ஆசானும் அதைக் கற்றுத்தரவில்லை.

ஐம்பதில் மூன்று

மூன்று தரப்பும் செய்முறை எப்படிக் கைமாறுகிறது என்பதிலேயே நிற்கின்றன. பியரில் கடினமான இடம் வேறு என்று படுகிறது.

1985-இல் தொடங்கிய அமெரிக்க பியர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பீட்டுத் தாளைப் பார்க்கலாம். மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. திரையில் தெரியக்கூடியது தோற்றம் மட்டும். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டும் அந்த இறுதிக் காட்சி, ஐம்பதில் மூன்று மதிப்பெண்ணைத்தான் பார்வையாளருக்குக் கடத்துகிறது.

கற்பவர் தன் பியரைத் தானே ருசித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். வெண்ணெய் மணம் வந்தால் அது டையசெட்டில். ஈஸ்டுக்கு இன்னும் சில நாள் அவகாசம் தந்திருக்க வேண்டும். பச்சை ஆப்பிள் வாடை என்றால் அசெட்டால்டிஹைடு. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் டைமெத்தில் சல்ஃபைடு. கொதி போதவில்லை அல்லது மூடிவைத்துக் கொதித்தது. மருந்துப் பட்டி வாடை என்றால் குழாய்நீரின் குளோரின் மீது ஐயம் கொள்ளலாம். பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. வாய்க்குள் இருப்பது பட்டியலில் எது என்று அடையாளம் காண்பது எளிதல்ல. டையசெட்டிலை உணரும் திறன் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது; சிலருக்கு மிக அதிக அளவில்தான் தெரியும். தன் பியரையே தொடர்ந்து குடிப்பவருக்கு அதன் குறை பழகியும்போகிறது. இன்னொருவர் நாக்கு தேவைப்படுகிறது. பெயர் சொல்லித்தரும் நாக்காக இருந்தால் நல்லது.

இதை அமெரிக்க வீட்டுக் காய்ச்சுநர்கள் சட்டத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள் போலும். லாஸ் ஏஞ்சலிஸின் 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்' மன்றம் 1974-இல், அதாவது பியர் காய்ச்சுவது இன்னும் குற்றமாக இருந்தபோதே தொடங்கியது. லேவும் வெங்கரும் சொன்ன சமூகம் இங்கே காய்ச்சும் கொட்டகையில் அமையவில்லை, ருசிக்கும் மேசையைச் சுற்றி அமைந்தது. ஆசான் தேவை என்ற தரப்பு இந்த அளவுக்குச் சரி. கையைத் திருத்த ஆசான் வேண்டும் என்பது மிகை. நாக்கைத் திருத்த இன்னொருவர் வேண்டும் என்பது நிற்கிறது.

தவறு பரவுவதும் திருந்துவதும்

காணொளி தவறைப் பரப்புகிறது என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. நொதித்த பியரை ஈஸ்ட் படிவிலிருந்து பிரித்து இரண்டாவது பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நூல்களில்தான் வாழ்ந்தது. ஆலைகளின் உயரமான தொட்டிகளில், திரவத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஈஸ்ட் செத்துச் சிதைந்து சுவையைக் கெடுக்கும் என்பது அதன் பின்னணி. 20 லிட்டர் வாளியில் அந்த அழுத்தம் இல்லை. மாற்றும்போது உள்ளே புகும் ஆக்ஸிஜன்தான் உண்மைக் கேடு. அந்த முறையைப் பரிந்துரைத்த பாமரே பின்னர் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் பழைய பதிப்பு இணையத்திலேயே கிடந்தது. பழைய காணொளிகளும் அப்படித்தான் கிடக்கின்றன. அச்சு நூல் மறுபதிப்பில் திருந்தும். பதிவேறிய காணொளியைப் பெரும்பாலும் யாரும் திருத்துவதில்லை.

திருத்தும் முயற்சியும் இணையத்திலிருந்தே எழுந்தது. 'ப்ருலாஸஃபி' என்ற குழு 2014 முதல் ஒரே செய்முறையில் ஒன்றை மட்டும் மாற்றிக் காய்ச்சி, மூன்று கோப்பைச் சோதனைக்கு வைத்துவருகிறது. இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். 21 பேர் ருசித்தால் 12 பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உணரப்பட்டதாகக் கொள்வார்கள். கட்டாயம் என்று போற்றப்பட்ட பல விதிகள் இந்தத் தடையைத் தாண்டவில்லை. இதிலிருந்து அந்த விதிகள் வீண் என்று முடிவுகட்டுவோர் அவசரப்படுகிறார்கள். பத்துப் பேர் சரியாகச் சொன்னால் வேறுபாடு நிறுவப்படவில்லை. இல்லை என்றும் நிறுவப்படவில்லை. ருசிப்பவர்கள் குறைவு, ஒவ்வொரு சோதனையும் பெரும்பாலும் ஒரே காய்ச்சலைச் சார்ந்தது. இருந்தும், பேவர்ஸ்டாக்கின் தந்தையிடம் கேட்க முடியாத கேள்வியை இங்கே கேட்க முடிகிறது.

தீராதவை

இன்றைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: குடிக்கத்தக்க பியரை நூலும் காணொளியும் கொண்டு காய்ச்சலாம். அளவுக்கருவி இருந்தால் ஆசான் இல்லாத குறை பெரிதும் ஈடாகிறது. நல்ல பியரையும் சுமாரான பியரையும் பிரித்தறியத் திரை உதவுவதில்லை.

ருசியையே தொலைவிலிருந்து கற்பிக்க முடியுமா என்பது முடிவாகவில்லை. குறைச்சுவைகளைச் செயற்கையாகக் கலந்து பழக்கும் மாதிரிப் பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. புட்டிகளைத் தபாலில் மாற்றிக்கொண்டு ருசிப்போரும் இருக்கிறார்கள். இவை மன்றத்து மேசைக்கு ஈடாகுமா, அல்லது பெயர்களை மட்டும் கற்பிக்குமா? நூலில் தொடங்கியவர், காணொளியில் தொடங்கியவர், மன்றத்தில் தொடங்கியவர் ஆகியோரில் யார் ஐந்தாண்டுக்குப் பின்னும் காய்ச்சுகிறார்கள் என்பதும் தனிக் கேள்வி. முதல் பியர் நன்றாக வருவதும் பழக்கம் நிலைப்பதும் ஒன்றல்ல.

இவற்றுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வீட்டு பியர் சட்டப்படி நடக்கும் நாடொன்றில், புதியவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரே செய்முறையையும் ஒரே பொருள்களையும் கொடுத்து, எந்தப் பிரிவு என்று தெரியாத நடுவர்களிடம் புட்டிகளைத் தரலாம். நடுவர் தாளும் ஏற்கெனவே இருக்கிறது. ஏல் ஒன்று பக்குவமாக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கற்றல் முறைகளை ஆராயும் பல்கலைக்கழகத் துறை ஏதேனும் ஒரு பருவத்தை இதற்கு ஒதுக்க வேண்டும்.